மதிக்கு ஒன்பது நாவல்கள்

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜெமிமாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக மகள் கூப்பிடுகிறாள், மூன்று வருடமாக நானும் "பார்ப்போம்" என்கிறேன். இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வாயில் நுரையோடு "சரி, வாரேன்" என்றேன். அவளுக்கே நம்ப முடியவில்லை. "உடம்புக்கு ஏதும் இல்லையேம்மா?" என்று கேட்டாள். மே 31, சனிக்கிழமை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டாள். புனேவுக்கு. ஒரேயடியாக, இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு.

மதியிடம் சொல்லவில்லை.

இன்று அவளுக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாய், வியாழன், சனி. சுடலையின் ஆட்டோவில் ஒன்பது மணிக்குக் கூட்டிப்போனேன். எடை பார்த்தார்கள், இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. "தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று சிஸ்டர் ஷீபா கேட்டாள். "தண்ணியே குடிக்கல, மோருதான் குடிச்சேன்" என்றாள் மதி, கூசாமல். நான்கு மணி நேரம் அவள் கட்டிலில், நான் ஸ்டூலில். பதினாறு மாதமாக வாரம் மூன்று நாள் அதே ஸ்டூல். முதுகு சாய ஒன்றும் கிடையாது.

ஊசியை எடுக்கும்போது சொன்னாள்: "ஏட்டி லில்லி, எனக்குப் புதுசா சயின்ஸ் ஃபிக்‌ஷன் பாத்துக் குடு. நாலஞ்சு வருசத்துக்குள்ள வந்ததா இருக்கணும். மேல இருக்க ஃபேனையே எத்தன நாளு பாக்கது?"

பார்க்கிறேன் என்றேன். புனேயைச் சொல்ல வாய் திறந்த நேரம் அது.

ஏப்ரல் 10, வியாழன்

ஒற்றைக் கையால் படிக்க வேண்டும் என்பதை மறந்து ஒரு தடியன் புத்தகத்தைக் கொண்டுபோய்விட்டேன். இடது கையில் ஊசி, அசைக்கக் கூடாது. வலது கையால் பத்து நிமிடம் தூக்கிப் பிடித்துவிட்டு நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டாள். "வியாழன் கிரகத்துக்குப் போற ராக்கெட்ட என் மேலயே இறக்கிட்டியேட்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் நிறுத்தேன். எண்ணூற்றுப் பத்து கிராம். இனி முந்நூறுக்கு மேல் கிடையாது. விரித்தால் விரித்தபடி கிடக்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கக் கூடாது. கதையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே பாதிப் புத்தகங்கள் கழிந்துவிட்டன.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து நேரே ஜங்ஷன் புத்தகக் கடைக்குப் போனேன். கையில் குருத்தோலையோடு நின்று விண்வெளி நாவல் கேட்ட கிழவியைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஏழு எடுத்து வந்தேன். நூலகத்தில் ஏற்கெனவே நான்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. எண்பத்து நான்கில் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்களாக அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நடப்பது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு சீட்டு. சீட்டில் "பொறுமைப் பக்கம்" என்று ஒரு எண். அதுவரை கதை இழுக்கும், பொறுத்துக்கொள், பிறகு பிடித்துக்கொள்ளும் என்று பொருள். நாற்பது என்று எழுதிவிட்டு எழுபதில்தான் கதை எழுந்தது என்றால் ஒரு வாரம் ஏச்சு விழும். வாங்கியவள் படித்து முடித்து, இருவரும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகுதான் அடுத்த புத்தகம். கல்யாணம், பிள்ளைப்பேறு, அவள் வீட்டுக்காரர் சாவு, என் வீட்டுக்காரர் சாவு, எதிலும் இந்த முறை மாறவில்லை.

சீட்டின் வலது மூலையில் நேரம் போடுவேன். அது டிரங்க் கால் டிக்கெட் எழுதிய கை. யாராவது வெளியூருக்குக் கால் கேட்டதும் அந்தச் சீட்டில் முதலில் மணியைக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் தோலை உரிப்பாள். கடைசிப் பத்து வருடம் அந்த சூப்பர்வைசரே மதிதான். பால்காரருக்கு எழுதும் துண்டுத்தாளிலும் நான் மணி போடுகிறேன் என்று ஜெமிமா சிரிப்பாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லவில்லை. கூட்டம். பக்கத்துக் கட்டில்காரர் குமட்டிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கும் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் நெளிந்தார்கள். எனக்கு நான்கு மணி நேரம் பழக்கம்.

பிற்பகலில் இரண்டு நாவல் முடித்தேன். முதலாவதில் ஒரு கிரகம் முழுக்க நன்னீர். நாயகன் பக்கத்துக்குப் பக்கம் குடிக்கிறான், குளிக்கிறான், நீந்துகிறான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீரை அளந்து குடிக்கிறவளிடம் இதைக் கொடுத்தால் என் முகத்தில் எறிவாள். தள்ளினேன்.

இரண்டாவது, நிலாவின் மறுபக்கத்தில் இரண்டு பெண்கள் ஒரு சிக்னல் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற கதை. எடை இருநூற்று அறுபது. நல்ல எழுத்து, பெரிய எழுத்து. நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் ஒருத்தி மாற்றல் வாங்கிக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறாள். தள்ளினேன். நடை அவ்வளவாகச் சரியில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த முறை மதி குடித்தது மோர் அல்ல, இளநீர். யாருக்கும் தெரியாமல் சுடலையிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் வந்து திட்டினார், பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றார். நான் வெளியே போய்ச் சுடலையைத் திட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா கேட்டா எப்படிம்மா மாட்டேம்பேன்?" என்றார். திரும்பி வந்தால் இவள் சிரிக்கிறாள்.

"பெரிசா ஒண்ணும் ஆவல. நீதான் பக்கத்துல இருக்கியே, பாத்துக்க மாட்டியா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அடிக்க வேண்டும் போல வந்தது. நான் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கலாம். இட்லி வாங்கப் போனேன்.

ஏப்ரல் 26, சனி

முதுகுவலி. தைலம்.

மே 1, வியாழன்

ஒரு வகையாகத் திட்டம் போட்டிருக்கிறேன். ஒரு புத்தகத்துக்கு அவளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஒன்பது நல்ல நாவல் சேர்த்துவிட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் வரை தாங்கும். அதற்குள் அவளுக்குப் பழகிவிடும். அந்த ஒன்பதும் ஒன்றாம் தரமாக இருக்க வேண்டும். படிக்கத் தொடங்கினால் ஸ்டூலில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் நாத்தனார் கோலப்பம்மாள் துணைக்கு வரத் தயார் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். கோலப்பம்மாள் படிக்க மாட்டாள், ஆனால் ஆட்டோவில் ஏற்றி இறக்குவாள்.

இன்று சொல்லியிருக்கலாம். காலில் தசை இழுத்துக்கொண்டு அவள் கத்தினாள். பாதத்தை என் மடியில் வைத்து அரை மணி நேரம் நீவிவிட்டேன். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

மே 6, செவ்வாய்

இதுவரை பதினேழு படித்தாயிற்று. என் வயதுக்கு இது அதிகம். கண் எரிகிறது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறேன். பாத்திரங்களைக் கட்டிவிட்டேன், ஒரு தம்ளரும் ஒரு தட்டும்தான் வெளியே இருக்கின்றன.

தேறியவை ஐந்து. கடலுக்கடியில் நகராட்சித் தேர்தல் நடக்கிற கதை ஒன்று. சிரித்துச் சிரித்துப் படித்தேன், பொறுமைப் பக்கம் வெறும் பன்னிரண்டு. வானிலையைக் கட்டுப்படுத்தும் இயந்திரத்துக்குத் திடீரென்று கோபம் வருகிற கதை ஒன்று. மனிதர்களின் மணங்களைச் சேமித்து வைக்கும் கிடங்கில் வேலை பார்க்கிற ஒருத்தியின் கதை, இது எனக்கு மிகவும் பிடித்தது, இருபத்தெட்டாம் பக்கம் வரை பொறுக்க வேண்டும்.

இந்த வகை நாவல்களில் ஒரு தொல்லை. யாராவது எங்காவது கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். கப்பல் ஏறாத கதையாகப் பொறுக்கியெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஏன் அப்படிப் பொறுக்குகிறேன் என்று கேட்டால், அவளுக்குப் பயணக் கதை பிடிக்காது. முன்பு பிடிக்கும்.

மே 10, சனி

"என்னட்டி, ஒரு மாசமாத் தேடுத. ஒரு புக்கயும் காணோம்" என்றாள்.

"நல்லதாப் பாக்கேன்" என்றேன்.

"நல்லதெல்லாம் கெடக்கட்டும். கெடச்சதக் குடு."

இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஒரு வாரப் பத்திரிகையைக் கொடுத்தேன்.

மே 15, வியாழன்

வீட்டு ஓனர் சாவியை எப்போது தருவீர்கள் என்று கேட்டார். ஜெமிமா எனக்கென்று ஒதுக்கிய அறையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஜன்னல் பக்கத்தில் முதுகு சாய்க்கிற நாற்காலி போட்டிருக்கிறாள். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

மே 19, திங்கள்

ஒன்பதும் தேறிவிட்டன. மொத்தம் முப்பத்தொரு நாவல் படித்து ஒன்பது. காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதினேன், பொறுமைப் பக்கத்தோடு. அட்டைக்குமேல் காகிதம் சுற்றி ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டேன். நாளை ஷீபாவிடம் கொடுத்து, ஜூன் முதல் பதினைந்து நாளுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அப்படியே நாளை மதியிடமும் சொல்லிவிட வேண்டும்.

மே 20, செவ்வாய்

பையை ஷீபாவிடம் கொடுத்தேன். "நீங்களே குடுக்கலாமே ஆன்ட்டி?" என்றாள். ஊருக்குப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். முதலில் ஷீபாவிடம் சொல்லிப் பார்த்தால் மதியிடம் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். எளிதாகவில்லை.

மே 22, வியாழன்

இட்லி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், கட்டிலில் அவள் கால்மாட்டில் ஒன்பது புத்தகங்களும் கிடக்கின்றன. காகிதமெல்லாம் கிழிந்து கிடக்கிறது. ஷீபாவின் அலமாரியில் பையைப் பார்த்து, என் கையெழுத்தை அடையாளம் கண்டு, "எனக்குள்ளதுதான, குடும்மா" என்று வாங்கியிருக்கிறாள். ஷீபா தூரத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை.

புத்தகங்களை மதி தொடவில்லை. சீட்டுகளை மட்டும் உருவி, வயிற்றின்மேல் ஒற்றைக் கையால் வரிசையாக அடுக்கியிருந்தாள். டிக்கெட் அடுக்குகிற மாதிரியே.

"பதினொண்ணு பத்து" என்று வாசித்தாள். "பதினொண்ணு பதினாலு. பதினொண்ணு பத்தொம்பது. பதினொண்ணு இருவத்தஞ்சு."

ஒன்பதையும் வாசித்தாள். நான் இட்லிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒம்பதும் ஒரே இருப்புல எழுதியிருக்க. நாப்பத்தோரு வருசத்துல ரெண்டு சீட்டுச் சேந்து எழுதினதில்ல நீ. எங்க போற?"

"புனேக்கு."

"எத்தன நாளைக்கி?"

"வீட்டக் காலி பண்ணுதேன்."

"என்னைக்கி?"

"முப்பத்தொண்ணு."

"ஷீபாவுக்குத் தெரியும். சுடலைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தமட்டுக்கும் நான் ரெண்டாவது ஆளு" என்றாள். மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் இரண்டே கால் மணி நேரம் இருந்தது. அவளும் எழுந்து போக முடியாது, நானும் எழுந்து போக முடியாது. இட்லியை இருவரும் சாப்பிடவில்லை.

சீட்டில் மணி போட்ட கையை என்ன செய்வது? எத்தனையோ கவனமாக எல்லாம் செய்தேன்.

மே 24, சனி

வர வேண்டாம் என்று கோலப்பம்மாள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். அவர்கள் இருவரும் போனார்கள்.

நான் காலை எட்டு மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு எழுந்தேன். நல்ல தூக்கம். நல்ல தூக்கம் என்று எழுதும்போதே அழுகை வருகிறது. ஒருநாள் அந்த ஸ்டூலில் உட்காராமல் இருந்தது எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

மே 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

மே 27, செவ்வாய்

கூப்பிடாமலே போனேன். கோலப்பம்மாள் ஸ்டூலில் இருந்து எழுந்து, "உக்காருங்க மைனி, நான் காப்பி குடிச்சிட்டு வாரேன்" என்று நழுவிவிட்டாள். மதி கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினால் அவளுக்கு வாய் திறந்திருக்கும்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன்.

"மதி, ஜெமிமா என்னைக் கட்டாயப்படுத்தல. அவளுக்கு என்னால ஆக வேண்டிய காரியம் ஒண்ணும் கெடையாது. எனக்குத்தான் சலிச்சுட்டு. இந்த ஸ்டூலும் இந்த வாடையும் இந்த மெஷின் சத்தமும். ஒன்னையப் பாத்துப் பாத்துச் சலிச்சுட்டு."

கண்ணைத் திறந்தாள்.

"எனக்கும்தான் சலிச்சுட்டு" என்றாள். "என்னால எந்திரிச்சுப் போவ முடியாது, அவ்ளதான் வித்தியாசம்."

மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "முடிஞ்சிருந்தா நானும் போயிருப்பேன்டி" என்றாள். "ஒனக்கு முன்னாலயே போயிருப்பேன். ஒளிச்சு வச்சதுதான் பிடிக்கல."

அவள் கையைப் பிடித்தேன், ஊசி இல்லாத கையை. விடச் சொல்லவில்லை.

பிறகு, கட்டிலுக்குக் கீழே இருந்த பையைக் காட்டினாள். "அத எடுத்துட்டுப் போயிரு."

"மதி, எல்லாம் ஒனக்காகப் பொறுக்கினதுட்டி. முப்பத்தொண்ணு படிச்சு—"

"தெரியிது. ஒண்ணாவதுல மூணு பக்கம் படிச்சேன். அந்த மணக் கெடங்குக்காரி. நல்லாருக்கு. அதான் வேண்டாங்கேன்."

எனக்குப் புரியவில்லை.

"நல்ல புக்கு படிச்சா ஒங்கிட்டச் சொல்லணும்னு வரும்லா. மூணு பக்கத்துலயே வந்துட்டு. திரும்பிப் பாத்தா கோலப்பம்மா ஜெபமாலை உருட்டுன மாதிரி பாக்கு நறுக்கிட்டு இருக்கா. நல்ல புக்கு ஒண்ணும் வேண்டாம் எனக்கு. மோசமானதாப் பாத்துக் குடுத்துட்டுப் போ. படிச்சு முடிச்சு மூடி வைக்கணும். யாருட்டயும் ஒண்ணும் சொல்லத் தோணப்பிடாது."

ஷீபா வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். கூடியிருக்கிறது என்றாள்.

மே 28, புதன்

மோசமான நாவல் தேடுவது இவ்வளவு கஷ்டமா? தள்ளி வைத்த இருபத்திரண்டையும் மறுபடி புரட்டினேன். மோசம் என்று எடுத்து வைத்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் நல்ல வரி ஒன்று வந்து தொலைக்கிறது. நன்னீர்க் கிரகத்துக் கதையில்கூட, மழை பெய்யாத ஊரிலிருந்து வந்தவன் முதன்முதலில் மழையில் நிற்கிற இடம் நன்றாகத்தான் இருக்கிறது. நிலாவின் மறுபக்கக் கதை நடைக்காகத் தள்ளப்பட்டதல்ல என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

கடைக்குப் போய், "உள்ளதிலேயே மட்டமானது எது?" என்று கேட்டேன். கடைக்காரர் இப்போது என்னை நேராகவே பைத்தியம் மாதிரி பார்த்தார். ஆனால் மனுஷருக்கு விஷயம் தெரிகிறது. யோசிக்காமல் நான்கு எடுத்துப் போட்டார்.

நான்கையும் மாலைக்குள் மேய்ந்தேன். மூன்றில் ஏதோ ஒரு உயிர் இருக்கிறது. நான்காவது தேறியது. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தொழிலதிபர், ஒரு ரோபோ, ஒரு காதல், ஒரு சாபம். எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், ரோபோ உட்பட. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை கிடையாது. எடை நூற்றுத் தொண்ணூறு கிராம். எழுத்து பெரியது.

மே 29, வியாழன்

கொடுத்தேன். சீட்டு வைக்கவில்லை. புரட்டிப் பார்த்து, இரண்டு பக்கம் படித்து, "கெட்டிக்காரிட்டி நீ" என்றாள்.

நான்கு மணி நேரமும் பேசிக்கொண்டே இருந்தோம். கோலப்பம்மாளின் குழம்பு, சுடலையின் மீசை, எக்ஸ்சேஞ்சில் யார் யாரை ஏமாற்றிக் கட்டிக்கொண்டார்கள், இதெல்லாம்தான். புனே என்ற பெயர் வரவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது, "ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். சனிக்கிழம எனக்கு மெஷின் இருக்கு" என்றாள். தெரியும் என்றேன்.

மே 31, சனி

ரயில். மதுரை தாண்டியாயிற்று. மணி பதினொன்று. இந்நேரம் அவளுக்குப் பாதி முடிந்திருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

புனே. ஜெமிமா ஆபீசுக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்கிறது. ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை, அப்படியே இருந்துவிட்டேன்.

ஒன்று பத்துக்கு மதியிடமிருந்து செய்தி வந்தது.

"முடிச்சிட்டேன். ரொம்ப மோசம். ஒங்கிட்டச் சொல்ல ஒண்ணுமே இல்ல."

நல்லது என்று பதில் போட்டேன். நாற்பத்தோரு வருடத்தில் நான் அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில் இவ்வளவு சரியாக அமைந்தது வேறொன்றில்லை. ஜெமிமா வருவதற்குள் அழுது முடித்து, முகம் கழுவி, அரிசி களைந்து வைத்தேன்.